யான்புத் தண்ணியும் பேரன் தலையும்

ஏலே பேரப்புள்ள, வீடியோ கால்ல உச்சந்தலையைக் காட்டி உங்க ஆச்சிகிட்ட அழுதியாமே? யான்புத் தண்ணிதான் முடியைத் தின்னுதுன்னு சொன்னியாம். சவூதிக்காரன் செங்கடல் தண்ணியில உப்பைப் பிரிச்சுக் குடுக்கான், பாவம், அவன் மேல ஏம்ல பழி போடுதே? ஒங்கப்பன் தாமிரவருணியைத் தவிர வேற தண்ணியில தலை நனைச்சதில்ல. முப்பது வயசுலயே அவன் மண்டையில ஈ உக்காந்தா வழுக்கும். அது எந்த ஊருத் தண்ணிலே?

இப்போ என்ன தடவுதே? மூலிகை எண்ணெயா? எத்தனை ரியால்னு சொல்லாதே, நெஞ்சு அடைச்சிரும். குப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசி. எது நெறைய இருக்கோ அதைத்தான் மொதல்ல எழுதணும். மொதல் பேரு என்ன? லிக்விட் பாரஃபின். அது எதுலேருந்து வருது? கச்சா எண்ணெயிலேருந்து. பகல் பூரா ரிஃபைனரியில கச்சா எண்ணெயோட மல்லுக்கட்டுதே; ராத்திரி அதையே காசு குடுத்து வாங்கித் தலையில ஊத்துதே! கெடுதல் இல்ல, முடி பளபளன்னு இருக்கும். முளைக்கத்தான் செய்யாது. முன்பக்கம் படத்துல செழிச்சு நிக்கிற கரிசலாங்கண்ணி, மொய் எழுதாத சித்தப்பன் மாதிரி பட்டியல் கடைசியில பதுங்கி நிக்கும் பாரு.

வெங்காயச் சாறா? 2002ல பாக்தாத் டாக்டர்மாரு சோதிச்சுப் பலன் இருக்குன்னு எழுதினாங்க, நெசந்தான். ஆனா யாருக்கு? புழுவெட்டு வந்த கொஞ்சம் பேருக்கு. பரம்பரை வழுக்கைக்கு இல்லலே. ஏசி போட்டு அடைச்ச ரூம்ல நீ அதைத் தடவிக்கிட்டுப் படுத்தா, கூட இருக்கவன் பாயைச் சுருட்டிட்டு ஓடிருவான்.

ஒரு நாளைக்கு அம்பது, நூறு முடி எல்லாருக்கும்தான் உதிரும். பெருங்காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சா ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும், அப்புறம் தானா வளந்துரும். அதுக்கும் மேல போனா தோல் டாக்டரைப் பாரு. மினாக்சிடில்னு எழுதுவாரு. ரத்தக்கொதிப்புக்கு வந்த மாத்திரை அது. தின்னவனுக்கு மேலெல்லாம் முடி வளந்ததைப் பாத்து, தலையில தடவுறதுக்கு 1988ல அமெரிக்காக்காரன் அனுமதி குடுத்தான். நிறுத்தினா வளந்ததும் போயிரும், அதையும் கேட்டுக்கோ.

பொண்ணு பாக்கப் போறோம்னுதானே இம்புட்டுப் பதட்டம்? அவுக ஒன் தலையையா பாக்கப் போறாக? இக்காமா, அதான் நீ அங்க தங்குற அனுமதி, எப்போ முடியுதுன்னுதான்லே கேப்பாக. அதுக்குப் பதிலைத் தயார் பண்ணி வை.