போறன் என்றால் போனேன்

கத்தலான் மொழிக்காரர் ஒருவர் "சாப்பிடப் போறன்" என்ற மாதிரி ஏதோ சொன்னால், அவசரப்பட்டு அவருக்குக் கோப்பை கழுவ வேண்டாம். மனுசன் நேற்றே சாப்பிட்டு முடித்துவிட்டார். 'பாச்' என்றால் போகிறேன். 'மென்ஜா' என்றால் சாப்பிட. இரண்டையும் சேர்த்தால் 'பாச் மென்ஜா': சாப்பிட்டேன்! அயல்வீட்டு ஸ்பானியமும் பிரெஞ்சும் இதே சேர்க்கையை வைத்து ஒழுங்காக எதிர்காலத்தைச் சொல்லுகின்றன. கத்தலான் மட்டும் முன்னுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்னுக்கு நடக்கிறது. 'போனேன்' என்பதற்கோ 'பாச் அனா'. அதாவது, போகிறேன் போக.

திருகோணமலையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மகள் குடும்பம் பார்சிலோனாவில். அங்கே பள்ளிக்கூடம் நடப்பது கத்தலானில். பேத்திக்கு வீட்டில் தமிழ், விளையாட்டில் ஸ்பானியம், கோபத்தில் கத்தலான். வட்ஸ்அப்பில் என்னோடு பேசும்போது அவளுக்கு அடிக்கடி கோபம் வரும். என்னென்ன சொல்லித் திட்டுகிறாள் என்றாவது அறியவேண்டாமா? இலக்கணப் புத்தகம் ஒன்றை வரவழைத்துக்கொண்டு மாலையில் உள்துறைமுக வீதிப் பக்கம் உட்காரத் தொடங்கினேன்.

நம்மவர் சிரிக்கலாம். ஆனால் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை இல்லை. நடந்தேன், படித்தேன், ஓடினேன், விட்டேன், பெற்றேன் என்று வினைக்கொரு இடைநிலை வைத்துப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் நாங்கள். கத்தலானில் பாச், பாஸ், பா, பாம், பாவ், பான் என்ற ஆறு சொல் போதும், எந்த வினையையும் கடந்தகாலத்துக்கு ஏற்றி அனுப்பிவிடலாம். ஒற்றைச் சொல்லில் இறந்தகாலம் சொல்லும் பழைய முறையும் உண்டு. அது இப்போது பெரும்பாலும் புத்தகத்திலும், வலென்சியாவின் சில பகுதிகளில் வாய்ப்பேச்சிலும் இருக்கிறது.

காலத்தைக் கலைத்து விளையாடுவதிலும் நாங்கள்தான் மூத்தவர்கள். எங்கள் ஓட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டால், "மாஸ்டர், இந்தா வந்திட்டன்" என்பான். தொலைபேசிக்குள் அவன் கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்கும். அவனைக் கண்டிக்கவும் வழியில்லை. விரைவைக் காட்ட, வரப்போவதை வந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்துவிட்டார். இன்னும் கை நனைக்காதவனும் 'உண்டேன்' என்று சொல்லலாம் என உரையாசிரியர் உதாரணமும் காட்டிவிட்டார்.

சரி, கத்தலானுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது? அதற்கு விடை ஜெட்டியில் கிடைத்தது. அங்கே கிழவர்கள் கூடினால் 1942 ஏப்ரல் 9 வந்துவிடும், ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள். "எங்கட அப்பா சீனக்குடாப் பக்கம் போறார். மேல பாக்கிறார். பிளேன் வருது!" நடந்தது எண்பது வருசத்துக்கு முன்னர். வினை முழுக்க நிகழ்காலம். இடைக்காலக் கத்தலான் கதைசொல்லிகளும் இதைத்தான் செய்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் ரமோன் முந்தானேர் எழுதிய போர்க் குறிப்பேடு போன்றவற்றில், வீரன் 'போய் வெட்டுகிறான்' என்று விறுவிறுப்புக்காகச் சொல்லப்போக, 'போ'வின் கால் தேய்ந்து வெறும் இறந்தகால அடையாளமாகி நின்றுவிட்டது. தொழிலால் பொறியியலாளரான பொம்பேவு ஃபாப்ரா 1918இல் இலக்கணம் எழுதியபோது, இப்படி வேரோடிப்போனதையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் ஜெட்டிக் கிழவர்களை இன்னும் நானூறு வருடம் பேசவிட்டால் தமிழிலும் 'போறார்' என்பது போனாராகிவிடும் என்பது என் கணிப்பு.

பயிற்சிக்கு இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது. 'பான் பெனீ' என்றால் வந்தார்கள். 'பான் மர்ஷா' என்றால் கிளம்பிப் போனார்கள். இரண்டே வினையில் திருகோணமலைச் சரித்திரம் முடிந்தது. போர்த்துக்கேயர் பான் பெனீ, 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பான் பெனீ. 1782 என்ற ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்கள். ஆங்கிலேயக் கடற்படை 1957இல் பான் மர்ஷா. இந்திய அமைதிப்படையின் கடைசி அணியும் 1990 மார்ச்சில் இங்கிருந்துதான் கப்பலேறியது. படர்க்கைப் பன்மை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

இடறியது இன்னொரு விதி. இன்றைக்கு நடந்ததற்கு 'போ' உதவாது. 'ஏ மென்ஜாத்' என்று வேறொரு வடிவம். நேற்றும் அதற்கு முன்னரும் என்றால்தான் 'பாச் மென்ஜா'. நடுவில் இரவு தாண்டவேண்டும். இரவில் தூங்குகிறவர்கள் வகுத்த இலக்கணம் இது! திருக்கடலூரில் இருந்து எனக்கு மீன் கொண்டுவரும் தம்பியிடம் கேட்டேன்: "முன்னிரவில வலை விட்டனீ, விடியப்புறம் இழுத்தனீ. இது நேற்றைய வேலையா, இன்றையதா?"

அவன் சூடை மீனை எண்ணிக்கொண்டே சொன்னான்: "மாஸ்டர், பட்டா அது இன்றைக்கு. படாட்டி நேற்று."

பேத்தி இதைத் தன் ரீச்சரிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.