தரிசனமும் ஃபிளெக்ஸும்

1903-இல் திருநெல்வேலியில் அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். தரிசனத்தை விளக்கும் பவர்பாயிண்ட் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். இன்றோ சபையின் தரிசனம் வாசல் ஃபிளெக்ஸில் இருக்கிறது: கமிட்டியாரின் கும்பிட்ட கைகளுக்குக் கீழே, உபயதாரர் பெயருக்கு மேலே, கண்ணாடி போட்டால் வாசிக்கிற அளவில்.

“நம் சபையின் தரிசனம் என்ன?” என்று ஐயர் பிரசங்கத்தில் கேட்டார். கடைசி பெஞ்சு வரை மௌனம். ஜெபமாக்கும் என்று சிலர் கண்ணையும் மூடிக்கொண்டார்கள். அசனத்துக்கு எத்தனை ஆடு என்று கேட்டிருந்தால் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கவலை வேண்டாம், சேகரத் தேர்தல் வரட்டும். அணிக்கொரு தரிசனம் வழவழ தாளில் அச்சாகி வீடு தேடி வரும், வேட்பாளர் வரிசை எண்ணோடு.