கிடந்து தேய்ந்த சப்பாத்துகள்

ஓடுகிற சப்பாத்து ஒன்றின் ஆயுள் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை என்பது ஓட்டக்காரர்கள் மத்தியில் நடமாடும் கணக்கு. ஏறக்குறைய எங்கள் மருதமுனையிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு, அதே காலோடு திரும்பி வருகிற தூரம். என்னிடம் வந்து சேர்ந்த சப்பாத்துகளில் ஒன்றுகூட காரைதீவுச் சந்தியைக் கண்டதில்லை. ஆனாலும் பெரும்பாலானவை மௌத்தாகிவிட்டன.

ஆகவே சப்பாத்து எப்படித் தேய்கிறது என்று எழுத எனக்குத் தகுதி உண்டு. ஓடுகிறவனுக்கு ஓடித் தேய்க்கிற ஒரு வழிதான் தெரியும். ஓடாமல் தேய்ப்பதற்கு எத்தனை வழி இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். 'நமக்கு' என்று சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு சோடி கிடக்கும், எட்டிப் பாருங்கள்.

சீனி வருத்தம் வந்தபோது டொக்டர் "நடங்க" என்றுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து "ஓடச் சொல்றார்" என்றேன். நடப்பதற்கென்று சொன்னால் புதுச் சப்பாத்துக்குக் காசு வெளிவராது.

முதல் சோடியை வெள்ளென, கடை திறந்த கையோடு போய் வாங்கினேன். பொழுதுபட வாங்குவதுதான் முறையாம். நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு இடமும் விட வேண்டும். நானோ கலியாணச் சேர்ட்டுக்கு அளவு கொடுப்பது போல, இறுக்கமாகப் பிடித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். சில கிழமைகளில் நகம் சிவந்து, கறுத்து, கடைசியில் கழன்று விழுந்தது. அந்தச் சோடியில் முதலில் தேய்ந்தது என் கால்தான். சப்பாத்து இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பொடியனின் காலில் பளபளவென்று ஓடுகிறது.

இரண்டாவது சோடி கட்டாரிலிருந்து வந்தது. மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்த சாமான். பெட்டியைத் திறந்தால் வாசனையே வெளிநாடு. அப்படிப்பட்டதைக் கடற்கரை மண்ணில் போட்டு மிதிக்க மனம் வருமா? நல்ல நாளைக்குப் போடலாம் என்று அலுமாரிக்கு மேலே வைத்தேன். பெருநாட்கள் வந்து போயின. பெருநாளைக்குச் செருப்புத்தானே போடுவோம்.

2022 வந்தது. 200 ரூபாயில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. கடையில் சப்பாத்தின் விலையைக் கேட்டவர்கள் செருப்போடு திரும்பினார்கள். நான் மட்டும் அலுமாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். வங்கியில் போட்ட காசு இறங்குகிறது, அலுமாரியில் போட்ட சப்பாத்து ஏறுகிறது. பொருளாதாரம் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான் என்று ஒரு நினைப்பு.

அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தது பழைய மாணவர் நடைபவனி. பேண்ட் வாத்தியம் முன்னால் போக, கல்முனை - மட்டக்களப்பு வீதியில் எல்லோரும் நடக்கிறோம். கொஞ்சத் தூரத்தில் வலது கால் ஒரு மாதிரிப் பதிந்தது. பிறகு இடது கால். திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியெல்லாம் வெள்ளையாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு பொடியன் முழுக் குதி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து, "சேர், இது உங்கடயா?" என்று கேட்டான். "இல்ல மகன்" என்று சொல்லிவிட்டு மிச்சத் தூரத்தை மேல் துணியில் நடந்தேன்.

பிறகுதான் தேடி வாசித்தேன். சில சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. அதற்கு எதிரி ஓட்டம் இல்லை, ஈரக் காற்று. காற்றிலுள்ள நீர் மெல்ல உள்ளே போய் அந்தப் பொருளின் இரசாயனப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. நீராற்பகுப்பு என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்தது இதைத்தான், படித்த அன்றைக்கே மறந்ததும் இதைத்தான். காலில் போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும், சூடும் ஈரமும் கூடக்கூட வேகமாக நடக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரியின் உச்சியில் வைத்த எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அதுதான். பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்று வந்த அன்றைக்கே அதை எறிந்துவிட்டேன்.

இந்த ஊரில் இப்படி நடந்தது எனக்கு இன்னும் கேவலம். மருதமுனை என்றால் கைத்தறி. சாறனை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, இது எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். என் மாமாவும் தறியிலிருந்து எழும்பியவர்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தான் வருவார். ஆகவே நான் எது வாங்கினாலும் மாமாவின் விரலுக்குத் தப்பாது.

மூன்றாவது சோடியை அவர் தொட்டுப் பார்க்கச் சந்தர்ப்பமே இல்லை. கடல் தண்ணீர் பட்டதென்று அதை நானே கொதி தண்ணீரில் ஊறவைத்து, உச்சி வெயிலில் தகரத்துக்கு மேலே காயப் போட்டேன். அடியை ஒட்டியிருக்கும் பசைக்கு இந்த இரண்டுமே ஆகாது. அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடக்கின்றன. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "மகன், கருவாட்டுக்கும் இவ்வளவு வெயில் காட்ட மாட்டம்" என்றா.

நான்காவது சோடியில்தான் உண்மையிலேயே ஓடினேன். சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினால் கடற்கரையில் என் மாதிரிச் சீனிக்காரர்கள் ஒரு ஜமாஅத்துக்குக் காணும். ஈரம் இறுகிய மணலில் வடக்கே பெரியநீலாவணைப் பக்கமாக ஓடுவேன். வலது பக்கம் கடல், இடது பக்கம் கரை. அங்கே கூட்டாளி ஒருவர் பைக்கோடு நிற்பார். ஒரு டீ, கதை, மறுகா பைக்கின் பின் சீட்டில் வீடு. திரும்பி ஓடினதாக ஞாபகம் இல்லை.

கடற்கரை தட்டையாக இருப்பதில்லை, கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு பக்கம் சாய்ந்த கால், வரும்போது மற்றப் பக்கம் சாயும், கணக்குச் சரியாகும். என் சப்பாத்துகளுக்கு வரும் வழியே கிடையாது. கொஞ்ச காலத்தில் மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம், கடல் பக்கம், சாய்ந்து நின்றன. மேசைதான் கோணல் என்று முதலில் அதற்குக் காகிதம் மடித்து முட்டுக் கொடுத்தேன்.

அதற்கு முதல் இன்னொரு கூத்தும் நடந்தது. குதியின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதைக் கண்டு பயந்து, காலில் ஏதோ கோளாறு என்று இரவிரவாக போனில் தேடினேன். கடைக்காரர் ஒருவரும் "உங்கட பாதத்துக்கு வேற ரகம் வேணும் சேர்" என்று விலை கூடிய பெட்டியாகப் பார்த்து இறக்கினார். பெரும்பாலானவர்கள் குதியின் வெளி ஓரத்தைத்தான் முதலில் நிலத்தில் வைக்கிறார்கள், அந்த இடம் தேய்வது இயல்பு. பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, வான்படை, மரீன் பயிலுனர்களை வைத்துப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். குறையவில்லை. மனைவி இந்த ஆய்வு எதுவும் வாசிக்காமல் என் பழைய பாத்ரூம் சிலிப்பரைத் திருப்பிக் காட்டினா. அதே இடத்தில் அதே தேய்வு.

மாமா நான்காவது சோடியைக் கையில் எடுத்தார். அடி றப்பரைப் பார்க்கவில்லை. மேல் துணியைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பஞ்சு மாதிரியான பகுதியைப் பெருவிரலால் அமுக்கினார். ஓரத்தில் விழுந்திருந்த சுருக்கங்களை நகத்தால் தடவினார். "மருமகன், மேலால பாத்தா புதுசு மாதிரி இரிக்கி. உள்ளுக்கு உசிரில்ல" என்றார். அது என்னைப் பற்றிய அபிப்பிராயமோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன்.

அவர் தொட்ட இடம் சரியான இடம். பெரும்பாலான ஓட்டச் சப்பாத்துகளின் நடு அடி ஈவிஏ என்ற நுரை. கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. அறைச் சுவர்கள் மடிந்து மடிந்து நிமிரும், சில நிமிராமல் விட்டுவிடும், சில வெடிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. அடி றப்பரைப் பார்த்து "இன்னும் கட்டை இருக்கே" என்று நாம் சந்தோஷப்படுகிற காலத்தில் உள்ளே வேலை முடிந்திருக்கும். ஆள் எவ்வளவு பாரமோ அவ்வளவு சுருக்காக முடியும். என் எடையை இங்கே எழுதத் தேவையில்லை.

1985இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், சப்பாத்துகளை இயந்திரத்தில் பூட்டிக் குத்தோ குத்தென்று குத்தினார்கள். 50 மைல், அதாவது 80 கிலோமீற்றரளவு ஓட்டத்துக்கே அதிர்ச்சி தாங்கும் சக்தியில் கால்வாசி போய்விட்டது. 500 மைலை நெருங்கும்போது 60 வீதமும் மிஞ்சவில்லை. ஆனால் மனிதர்கள் போட்டு ஓடியவற்றில் 500 மைலுக்குப் பிறகும் 70 வீதமளவு மிச்சமிருந்தது. இயந்திரம் இளைப்பாறுவதில்லை, மனிதன் இளைப்பாறுவான் என்று நான் விளங்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் என் சப்பாத்து நூறு வருடம் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது சோடியை விஞ்ஞானபூர்வமாகப் பாவிக்க முடிவெடுத்தேன். போனில் ஒரு ஆப். சப்பாத்தைப் பதிந்துவிட்டு ஓடினால் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வரும், ஆயுள் முடிந்ததும் மணியடிக்கும். ஓடி முடிந்ததும் அதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நான் நிறுத்தவில்லை. பைக்கில் வீட்டுக்கு வந்தது, கல்முனைச் சந்தைக்குப் போனது, ஒரு கலியாணத்துக்கு வேனில் அக்கரைப்பற்றுக்குப் போய் வந்தது எல்லாம் ஓட்டக் கணக்கில் ஏறிவிட்டன. வேகத்தைப் பார்த்து ஆப் எனக்குப் பாராட்டுப் பத்திரமும் அனுப்பியது. அந்த வேகத்தில் ஓடுகிறவனுக்குச் சீனி எப்படி வந்தது என்று மட்டும் அது கேட்கவில்லை.

மணி அடித்தது. 800 முடிந்ததாம். சப்பாத்தில் கடையின் விலைத்துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உலகத்தில் உண்மையாகவே ஒரு ஓட்டத்துக்கென்று செய்த சப்பாத்தும் உண்டு. 2023இல் அடிடாஸ் 138 கிராமில் ஒன்றை 500 டொலருக்கு விற்றது. பழகிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டம், பிறகு ஒரு மரதன், அவ்வளவுதான் அதற்குச் சொன்ன ஆயுள். எத்தியோப்பியாவின் திக்ஸ்த் அசெஃபா அதைப் போட்டுக்கொண்டு பேர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 செக்கனில் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். அந்தச் சப்பாத்தின் விலை அன்றைய கணக்கில் நம் காசுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல். என் கட்டார்ச் சப்பாத்தும் ஒரே ஓட்டம்தான். ஓசியில் வந்தது.

அதே எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப சப்பாத்து எதுக்கு?" என்று மாமி கேட்டா. நியாயமான கேள்வி. பக்கத்து ஊர் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில் வெறுங்காலோடு நெருப்பில் இறங்குகிறார்கள். எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் கால் சப்பாத்தைக் கண்டதில்லை. மாமாவே தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க மிதித்த மிதியைக் கூட்டினால் கண்டிக்கே போயிருக்கலாம். நான் ஒரு நாள் வெறுங்காலோடு இறங்கிப் பார்த்தேன். சிப்பி ஓடு ஒன்று குத்தியது, சீனிக்காரன் காலில் காயம் படலாமா என்று டொக்டர் ஏசினார், மறுகா ஒரு மாதம் சட்டப்படி ஓய்வு.

இப்போது இரண்டு சோடி வைத்திருக்கிறேன். லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 கிழமை கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் படும் ஆபத்து 39 வீதம் குறைவாக இருந்ததாம். இதை மனைவியிடம் வீதக் கணக்கோடு எடுத்துச் சொன்னேன். "ஓடாதவங்களுக்கு எத்தின வீதமாம்?" என்று கேட்டா. அது அந்த ஆய்வில் இல்லை.

ஆப்பை அழித்துவிட்டு, தூரத்தை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இல்லை, மகள் எழுதுகிறா, எனக்கு அந்த விஷயத்தில் வீட்டில் நம்பிக்கை இல்லை. போன கிழமை உட்கார்ந்து கூட்டிப் பெருக்கிவிட்டு, "வாப்பா, இந்த வேகத்தில போனா 800 முடியுற நேரம் உங்களுக்கு எழுபது வயசாகியிரும்" என்றா.

கணக்குப் பிழைத்திருக்கும், திரும்பப் பார் என்றேன்.

"சரியாத்தான் பாத்த வாப்பா. நோன்பு மாசத்தையும் கழிச்சிட்டன்."

மழை மாதங்களையும் கழிக்கச் சொன்னேன்.