ஆடு இல்லாத வீட்டுக்கு ஆட்டுநாய்: வளர்ப்போர் கையேடு

அறுப்பு முடிந்ததும் எழுமலையைச் சுற்றியுள்ள காடுகரைகளில் கிடை வந்து இறங்கும். ராத்திரி ஆடுகள் அடையும், விடிந்தால் நிலத்துக்குப் புழுக்கை உரம், கிடைக்காரருக்கு நெல்லோ பணமோ கூலி. இந்த ஒப்பந்தத்தில் கூலி பேசாமலே வேலை பார்ப்பது கிடைநாய். அது குட்டி போட்டிருக்கும் சேதியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊருக்குள் கொண்டுவருவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வேளை சோறு வேண்டாம் என்பார்கள். மூன்றாவது வேளை நீங்கள் இந்தக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் ஒரு விஷயம். யூடியூபில் ஒரு விசிலுக்கு இடமும் மறு விசிலுக்கு வலமும் ஓடி ஆடுகளை வளைத்துக் கொண்டுவருகிறதே, கறுப்பும் வெள்ளையுமாக, அது பார்டர் கோலி. அந்த வித்தைக்கு 1873-லேயே வேல்ஸில் பாலா என்ற ஊரில் போட்டி வைத்தார்கள். நம்மூர்க் கிடைநாய் வேறு ரகம். ஆட்டைத் திருப்புவதும் ஓட்டுவதும் மனுசர் பாடு. நாய் மந்தையோடு மந்தையாகப் படுத்துக் கிடக்கும். வேற்று வாடை வந்தால் எழுந்து நிற்கும். சாப்டூர்ப் பக்கத்து மலைக்காட்டை ஒட்டிக் கிடை போடுகிறவர்களுக்கு நரி, சிறுத்தை என்று கவலைகள் உண்டு. அந்தக் கவலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் பரம்பரை இது. ‘கை குடு’ என்றால் ஏற இறங்கப் பார்க்கும். கோபப்படாதீர்கள்.

1. குட்டி எடுப்பது

கண் திறந்த மறுநாளே தூக்கி வந்துவிடுங்கள். தாய்ப்பால் குடிப்பது, கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடுவது எல்லாம் நேர விரயம். பல் பட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதை அது உங்கள் கணுக்காலில் பழகிக்கொள்ளட்டும்.

கணுக்கால் மேல் ஆசை உள்ளவர்கள் எட்டு வாரம் பொறுங்கள். அதற்கு மேல் ஆறப்போடவும் கூடாது. ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் வெளியிட்ட புத்தகத்தின்படி, யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதைக் குட்டி பழகுவது ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள். ஆக உங்கள் கையில் இருப்பது நான்கு வாரம். அதற்குள் குக்கர் விசில், மிக்ஸி, கொட்டுமேளம், குழாய் ரேடியோ, எதிர்வீட்டு மாமாவின் தும்மல் எல்லாம் அதன் காதில் விழுந்துவிட வேண்டும்.

முழு வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி கண்ணில் பட்டால் ‘ராஜபாளையம்!’ என்று மனசு துள்ளும். 2005-இல் தபால்தலையில் ஏறிய இனம், துள்ளட்டும். ஆனால் எடுக்குமுன் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த வெள்ளையில் பிறவிச் செவிடு உண்டு. கூப்பிட்டால் திரும்பாத ஒருவர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2. பெயரும் பாடமும்

தாத்தா ‘மணி’ என்பார். அப்பா ‘டைகர்’ என்பார். மகள் ஏதோ கொரியப் பாடகர் பெயரை வைப்பாள். அப்பத்தா ‘சனியனே’ என்பார். குட்டி நாலாவது பெயருக்குத்தான் வாலாட்டும். கஞ்சி வருவது அந்தக் கையிலிருந்து.

அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலிக்கு மூன்று வருஷம் விடாமல் உட்கார்ந்து 1,022 பொம்மைகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு நாலு சொல் போதும்: வா, இரு, விடு, போதும். அங்கே வாத்தியார் ஒருவர். உங்கள் வீட்டிலோ மகன் ‘கம் ஹியர்’ என்பான், அம்மா ‘இங்க வாடா’ என்பார், தாத்தா நாக்கைச் சொடுக்குவார், மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். குட்டி மூன்று திசையையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். ‘பாத்தியா, சிட் சொல்லாமலே உக்காருது’ என்று அப்பா பெருமைப்படுவார். குடும்பக் கூட்டம் போட்டு ஒரே சொல்லாக முடிவு செய்யுங்கள். கூட்டம் சண்டையில் முடிந்தால் கிடைக்காரர் எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிடுங்கள். சொன்னதைச் செய்த அந்த நொடியே ஒரு துண்டு கருவாடு. அடுத்த நாள் கொடுத்தால் அது செய்த வேலைக்கான சம்பளமாகாது, தர்மம்.

3. தீனி

கிடையில் அதன் தாய் கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்ததும் ராத்திரி எட்டு மணிக்குப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுங்கள். ஒரே வாரத்தில் கம்பை மோந்தும் பார்க்காது. சால்னாவில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாயின் ரத்தத்துக்கு ஆகாது என்று கால்நடை டாக்டர் சொல்வார். சாக்லேட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு என்று பட்டியலை அவர் நீட்டிக்கொண்டே போவார். கடைசியில் சோறு, முட்டை, கொஞ்சம் கறி, மறுபடியும் அந்தக் கம்பு என்று வந்து நிற்பார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு கிடைக்காரர் சமையலைச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து புலம்பலாம்.

4. ஊசி

கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியாகிவிட்டது, கருப்பசாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். பார்வோ வைரஸுக்குக் கயிறு தெரியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து; மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷாவருஷம். 1885 ஜூலை 6-ஆம் தேதி, நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போடவைத்தார், பையன் பிழைத்தான். அந்தத் தேதியையே உலக விலங்குவழி நோய்த் தடுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். யாருக்காவது பல் பட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடி ஓட வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. இந்தப் பத்தியில் மட்டும் கிண்டல் இல்லை.

5. மந்தை தேடும் படலம்

வேலைக்காரப் பரம்பரை சும்மா இருக்காது. ஆடு இல்லையென்றால் இருப்பதை மந்தையாக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் ஊரை ஒட்டி மிடில் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. அங்கிருந்த பென்குயின்களை நரி தின்று தீர்த்து, பத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. தன் கோழிகளுக்குக் காவல் நின்ற மரெம்மா நாயை அனுப்பிப் பார்க்கலாம் என்றார் உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர். மரெம்மா இத்தாலியக் கிடைநாய். 2006-இல் காவலுக்குப் போனது, பென்குயின் பெருகியது. பென்குயினையே ஏற்றுக்கொண்ட ஜாதிக்கு உங்கள் மச்சினன் எம்மாத்திரம்?

அறிகுறி வாசலில் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை உள்ளே விட்டுவிட்டுப் பேசாமல் படுத்திருக்கும். அவர் திரும்பும்போது நடையில் குறுக்கே நிற்கும்.

“ஆத்தா, நாயைப் பிடிங்க.”

“அது ஒண்ணும் செய்யாதுப்பா.”

“வரும்போது சும்மாதான இருந்துச்சு?”

“வரும்போது குடுக்க வந்தே. இப்ப வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிட்டுல்ல போறே?”

காலி சிலிண்டர் என்பதை நாய்க்கு விளக்கும் பொறுப்பு குடும்பத் தலைவருடையது. விளக்கத் தெரியாவிட்டால் சங்கிலி. பிள்ளைகள் ஓடினால் பின்னாலேயே ஓடிக் குதிகாலைக் கவ்வும். அப்போது ஓடாமல் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். ஓடாத காலில் அதற்குச் சுவாரசியம் இல்லை. தினம் காலையும் சாயங்காலமும் காட்டுப்பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள். பழைய செருப்பை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். புதுச்செருப்பை அது தானாகவே தேடிக்கொள்ளும்.

6. பொழுதடைந்தால் கணக்கு

பொழுது சாய்ந்தால் மந்தை முழுக்க அடைய வேண்டும் என்பது நாயின் சட்டம். உங்கள் வீட்டிலோ ஒருவர் உசிலம்பட்டியில் கடை பூட்டிவிட்டு வர ஒன்பது ஆகும், ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், மகனோ டீக்கடையில். கடைசி ஆள் வரும்வரை குட்டி திண்ணையை விட்டு இறங்காது. அவர் வந்ததும் குரைத்து, தூங்கிவிட்ட மற்றவர்களையும் எழுப்பித் தலை எண்ணும். தீர்வு எளிது: எல்லாரும் ஏழு மணிக்குள் வீடு வந்து சேருங்கள். அப்பத்தா இதையேதான் முப்பது வருஷமாகச் சொல்கிறார். அவருக்குப் பல் இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

7. எதுவும் பலிக்காவிட்டால்

நாலு ஆடு வாங்கிவிடுங்கள். ஆட்டுக்குத் தழை வேண்டும், தழை ஒடிக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும் என்று கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சாமியார் கதையாகப் போகும்தான். ஆனாலும் கடித்துக் குதறிய சோபாவுக்குத் துணி மாற்றுவதை நினைத்தால் நஷ்டம் பெரிதில்லை. வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கருப்புக் கிடாவைப் பார்த்து மயங்க வேண்டாம். அது முட்டுச் சண்டைக்குப் பேர்போன இனம், குட்டி பயந்துவிடும். திருமங்கலம் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை. விடியுமுன் போய்விடுங்கள். தீபாவளி, பக்ரீத் நெருங்கும் வாரமென்றால் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போடுங்கள், விலை தலைக்குமேல் நிற்கும். நாயைக் கூட்டிப் போக வேண்டாம். சந்தையில் நிற்கிற அத்தனை ஆடும் தன்னுடையது என்று அது முடிவு செய்துவிட்டால், பணம் கொடுக்க வேண்டியது நீங்கள்.