வெங்காயத்துக்கு ஒரு சிபாரிசு

வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்போ, கூகுளில் என் இணையதளத்துக்கும் அதே மதிப்புதான். இரண்டு இடத்திலும் நான் இருப்பது தெரியும், தேடி வருவாரில்லை.

செட்டிகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் விளையும் சின்ன வெங்காயத்தை நேரடியாக விற்கலாமே என்று, ஓய்வுபெற்ற கையோடு ஒரு தளம் ஆரம்பித்தேன். விலைப்பட்டியலைவிட அதில் நான் பெருமைப்படுவது ‘சின்ன வெங்காயத்தின் சீர்மை’ என்ற கட்டுரையைத்தான். 12 கோடி ஆண்டுப் பழைமையான சாத்தனூர் கல்மரத்தில் தொடங்கி, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனைக் கண்டு, ரஞ்சன்குடிக் கோட்டையில் சற்று இளைப்பாறி, ஒருவழியாக வெங்காயத்துக்கு வந்து சேரும்.

அரியலூரிலிருந்து வந்திருந்த மச்சினன் மகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் இருக்கட்டும் மாமா, ஒரு பேக்லிங்க்கூட இல்லையே” என்றான். பெண் வீட்டார் சொத்து விவரம் கேட்கும்போது வரும் அதே குரல்.

வேறொருவர் தன் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொண்டார்கள். கூகுளுக்கு முன்னால் அந்தத் தேடுபொறிக்கு ‘பேக்ரப்’ என்றே பெயர். யார் சிபாரிசு செய்கிறார் என்பது முதல் கணக்கு; அவர் எத்தனை பேருக்குச் செய்கிறார் என்பது அடுத்த கணக்கு. ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலிருந்து கிளம்பும் இணைப்புகளுக்கெல்லாம் பங்காகிப் போகும். கேட்டவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவரின் கையெழுத்தால் நமக்குப் பைசா பிரயோஜனமில்லை. 1998-இல் வெளியான பேஜ்ரேங்க் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மேட்ரிக்ஸ் கணக்கு, நமக்கு ஆகாது.

இது காதில் விழுந்ததுபோலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உயர்தர பேக்லிங்க் ஆயிரம், டிஏ ஐம்பதுக்கு மேல், சலுகை விலை.’ மாதிரிக்கு ஒரு பட்டியலும் இருந்தது. அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக முற்றத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மனைவி குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க இவங்கல்லாம்?”

“நம்மைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லப்போறவங்க.”

“நம்மளத் தெரியுமா அவங்களுக்கு?”

தெரியாது. முதல் பக்கம் தொப்பை குறைக்கும் மாத்திரை. இரண்டாவது, எந்த நாட்டு மொழி என்றே புரியாத சூதாட்டத் தளம். மூன்றாவதில் திருமண மண்டபம், தலைமுடித் தைலம், கடன் வசதி என்று ஒரே பத்தியில் முந்நூறு இணைப்புகள். எங்கே பார்த்தாலும் நம் பெயருக்கு ஒரே வாசகம்: ‘பெரம்பலூர் சின்ன வெங்காயம் மலிவு விலை.’

“மாப்பிள்ளை விசாரிக்கப் போனா, தெருவுல பத்து பேரும் ஒரே வார்த்தையச் சொன்னா நம்புவீங்களா? சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு தெரியாதா?” என்றாள், உரிப்பதை நிறுத்தாமல்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் கூகுள் 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற ஏற்பாட்டையே கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்பு போயிருந்ததை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்த, கடை தேடல் வரிசையில் சரசரவெனக் கீழே இறங்கியது. 2016-க்குப் பிறகு பெங்குவின் இப்படிப்பட்ட இணைப்புகளுக்காகத் தளத்தை இறக்குவதைவிட, அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அந்தத் தண்டனை எப்படியிருக்கும் என்று குடும்பஸ்தனுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் மயங்கிய அந்த ‘டிஏ’ இருக்கிறதே, அது கூகுள் போடும் மார்க்கே இல்லையாம். மாஸ் என்ற நிறுவனம் தன் கணக்குக்குப் போடுவது. ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் ‘டிஆர்’ என்று வேறொன்று போடுகிறது. காசு கொடுத்து வாங்கிய இணைப்பு என்றால் ‘ஸ்பான்சர்டு’ என்றோ ‘நோஃபாலோ’ என்றோ குறியிட வேண்டும் என்பது விதி. குறியிட்டால் சிபாரிசாகப் பெரிதாய் எடுபடாது; குறியிடாவிட்டால் தில்லுமுல்லு. பட்டியலை அலமாரித் தட்டில் விரித்தேன். ஏ-ஃபோர் தாள் அதற்குச் சரியான அளவு.

அடுத்து மச்சினன் தயாரானார். அரியலூரில் சிமெண்ட் கடை. சுண்ணாம்புக்கல் பூமி, சுற்றிலும் ஆலைகள், வியாபாரத்துக்குக் குறையில்லை. “உங்க பக்கத்துல என் கடையப் போடுங்க, என் பக்கத்துல உங்க வெங்காயத்தப் போடறேன்” என்றார். ‘கட்டடத்துக்கு உறுதி, குழம்புக்கு ருசி’ என்று வாசகமும் எழுதிவிட்டார். மூட்டைக் கணக்கில் சிமெண்ட் விலை பார்க்க வந்தவர் அதைத் தட்டி வெங்காயம் வாங்கப்போவதில்லை. கைமாற்று இணைப்பு அளவுக்கு மீறினால் கூகுளுக்கும் பிடிக்காது. வேண்டாத இணைப்பைக் கணக்கில் சேர்க்காதே என்று கூகுளிடம் சொல்ல 2012 முதல் ‘டிஸ்அவோ’ என்றொரு வசதி இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். “எங்கண்ணனையா?” என்றாள் மனைவி. அன்று குழம்பில் உப்பு இல்லை. சிமெண்ட் கடை இணைப்பு இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

நான் ஆசைப்பட்டதெல்லாம் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற ஓர் இடம், வெங்காயச் சாகுபடி பற்றி எழுதும்போது நம்மை ஒரு வரியில் சொல்லாதா என்பதுதான். துறை ஒன்று, ஊர் ஒன்று, படிக்கிறவர்களும் உண்டு. அதற்கு நான் வெங்காயத்தைப் பற்றி உருப்படியாக ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

கடைசியில், கேட்காமலே ஒன்று வந்தது. கோவையில் சமையல் குறிப்பு எழுதும் ஓர் அம்மையார், வெங்காய சாம்பார் பற்றி எழுதிய பத்தியின் நடுவில் எங்கள் தளத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தார். மச்சினன் மகன் போனிலேயே குதித்தான்: “தங்கம் மாமா! சம்பந்தப்பட்ட விஷயம், நல்ல கூட்டம் வர்ற பக்கம், ஓடற பத்திக்குள்ள இருக்கு, நோஃபாலோ இல்ல!”

அந்தப் பத்தியை நானும் படித்தேன். ‘வெங்காயம் முதல் தரம். உரிக்கும்போதுகூடக் கண் கலங்கவில்லை. அதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் கட்டுரையைப் படித்தபோதுதான் கலங்கியது.’

திட்டினாலும் இணைப்பு இணைப்புதானே? நியூயார்க்கின் புரூக்ளினில் மூக்குக் கண்ணாடி விற்ற ஒருவர், வாடிக்கையாளர்கள் இணையத்தில் திட்டத் திட்டத் தன் கடை தேடலில் மேலே ஏறுவதாக 2010-இல் பத்திரிகையிடமே பெருமையடித்தார். சில நாளிலேயே கூகுள் தன் கணக்கை மாற்றி அப்படிப்பட்ட கடைகளை இறக்கியது. ஆனால் அது வாடிக்கையாளரை மிரட்டிய வியாபாரிகளுக்காக. கட்டுரை எழுதியவர்களுக்கு அதில் ஷரத்து எதுவும் இல்லை.

மனைவி அந்தப் பத்தியைத் தன் தங்கைக்குப் போனில் மறுபடியும் படித்துக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்தம்மாவுக்குக் காசு கீசு எதுவும் கொடுக்கலியே?”

“இல்லை.”

“சொந்தக்காரங்களும் இல்ல?”

“இல்லை.”

“அப்ப நம்பலாம்” என்றாள்.