மழை பெய்தால் கலைஞர்

ஏற்காட்டு மலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால், அம்மாபேட்டைக் குழித்தறி மாமாவும் ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். இரண்டு துண்டுக்கும் அர்த்தம் வேறு. மலை போட்டால் மழை வரும். மாமா போட்டால் ஒரு வாரத்துக்குக் கூலி வராது.

இவர் ஒரே ஒரு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பொன்னம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, அந்தப் பக்கம் இளம்பிள்ளை, ராசிபுரம் என்று தறிச்சத்தம் கேட்கிற எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு மாமா அகப்படுவார். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரமாக இருக்கலாம், தெலுங்காக இருக்கலாம், கன்னடமாகவும் இருக்கலாம். மழையைத் திட்டுவது மட்டும் எல்லாருக்கும் தமிழில்தான்.

தறிக்குள் காலை விட்டு மிதிக்க ஒரு குழி வேண்டும். அந்தக் குழி மண்ணின் குளிர்ச்சி நூலையும் பதமாக வைத்திருக்கும். சித்திரை வெயிலில் இழை படபடவென்று அறுந்து போகாது. முன்னோர் கெட்டிக்காரர்கள். ஆனால் கொஞ்சம் ஈரம் கேட்டவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு கிணற்றையே அனுப்பிவைக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் வந்து கொட்டியபோது, ஏற்காட்டில் பெய்ததெல்லாம் திருமணிமுத்தாற்றில் இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் மாமா தறிக்குழியை எட்டிப் பார்த்தார். முழங்கால் தண்ணீர். மிதிக்கட்டைமேல் ஒரு தவளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“நமக்கு முன்னாடி வேலைக்கு வந்துருச்சு பாரு கண்ணு” என்றார் என்னிடம்.

அன்றைக்குத்தான் அவர் கலைஞர் ஆனார். அதற்கு விதை போட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. புடவைக் கடை வைத்திருக்கிறவர். போகிற போக்கில், “நீங்க வீவர் இல்லைங்க, டெக்ஸ்டைல் ஆர்ட்டிஸ்ட்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். சொல் தங்கிவிட்டது. நெசவாளர் அட்டையில் மாமா நெசவாளர். வங்கியில் கேட்டால் கூலி. வானம் மூடிக்கொண்டால் ஆர்ட்டிஸ்ட். வெயில் அடிக்கிற நாளில் அவரிடம் “என்ன மாமா, புது டிசைன் ஏதாவது?” என்று கேட்டுப் பாருங்கள். நாடாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விட்டுவிட்டு, “டிசைனா? சோத்துக்கு வழியப் பாருப்பா” என்பார். அதே கேள்வியை மழை நாளில் கேட்டால் டீ வரும், முக்காலி வரும், அப்புறம் கட்டம் போட்ட தாள் வரும்.

போன மழைக்கு வந்த தாளில் ஒரு கரை இருந்தது. மாங்காய்க் கரை. ஊர் உலகத்தில் நெய்கிற மாங்காயெல்லாம் மூக்கு வளைந்த மாங்காய், அது எந்த மரத்தில் காய்த்தது என்று யாருக்கும் தெரியாது என்பது மாமாவின் கட்சி. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஊர் மாங்காயை ஏன் நெய்ய வேண்டும்? நம்ம ஊர் மல்கோவா இருக்கிறதே, உருண்டையாக, கன்னம் உப்பி? அதைத்தான் நாலு நாள் உட்கார்ந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு இழை என்று கணக்கு வைத்து, பென்சிலால் வரைந்திருந்தார். அத்தை தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிக்கூடப் பார்த்தார்.

“உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்குங்க.”

மாமா மூன்று மணி நேரம் பேசவில்லை. கலைஞர்களுக்கு அது வழக்கம்.

காஞ்சிபுரத்துக்காரருக்கு மழை தொந்தரவு என்றால் சேலத்துக்காரருக்கு அது மானக்கேடு. ஏனென்றால் இங்கே நெய்வது வெள்ளை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புவிசார் குறியீட்டால் பூஞ்சணத்தைத் தடுக்க முடியாது. சிவப்புப் புடவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தெரியாமல் காய்ந்து போகலாம். வெண்பட்டு வேட்டியில் கடுகளவு கறை விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அது பூசணிக்காய். மழைக்காலத்தில் வேலை இல்லாத கைக்குப் பசி வேறு அதிகம். முக்குக் கடையில் தட்டுவடை செட் சூடாக இல்லாவிட்டாலும் காரமாக இருக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காரட், பீட்ரூட். மாமா ஒரு செட் சாப்பிட்டுவிட்டு, தறியில் கிடந்த வேட்டியின் இழை பதமாக இருக்கிறதா என்று ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். தடவியது பீட்ரூட் விரல். அதிலிருந்து அந்த வீட்டில் கார்த்திகை மாதம் இரண்டு விரதம்: ஒன்று ஐயப்பனுக்கு, இன்னொன்று தட்டுவடைக்கு.

பட்டைப் பற்றி ஒரு ரகசியம். அது தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தைக் குடித்துவிட்டு, கைக்கு நனைந்த மாதிரியே காட்டிக்கொள்ளாது. வியாபாரத்தில் அதனால்தான் 11 சதவீத ஈரம் என்று ஒரு கணக்கு வைத்து எடை பார்க்கிறார்கள். அம்மாபேட்டையில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தராசு இருக்கிறது, முதலாளியின் கண் இருக்கிறது. நூலை எடைபோட்டுக் கொடுப்பார்கள், நெய்ததை எடைபோட்டு வாங்குவார்கள். அடைமழையில் வாங்கிவந்த பட்டை, விளக்கைப் போட்டுக் காயவைத்து நெய்து, பளீரென்று வெயிலடித்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார் மாமா. தராசு இறங்கவில்லை.

“நாப்பது கிராம் எங்கீங்க?”

“ஆவி.”

“யாரோட ஆவி?”

இதற்கு மேல் விளக்கம் சொல்ல முடியாமல் மாமா கூலியில் பிடித்தம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த மழைக்குக் குடை எடுக்காமல் புடவையை மடித்து மஞ்சப்பையில் போட்டு, தூறலில் மெதுவாக நடந்து போய்க் கொடுத்தார். மழையில் வாங்கு, மழையில் கொடு. பொருளாதாரம் படித்தவர்கள் இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பார்களோ!

பருத்தியின் குணம் வேறு. ஈரம் பட்டால் பருத்தி நூலுக்குப் பலம் கூடும், பட்டுக்குக் குறையும். ஆனாலும் பருத்தியின் நெடுக்கு நூலான பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைத்தாக வேண்டும். அதற்கென்றே ஒதுக்கின இடத்துக்குப் பாவடி என்று பேர். சேலம், நாமக்கல் பக்கத்து நெசவு ஊர்களில் பாவு போன பிறகும் அந்தப் பேர் மட்டும் திடல்களில் தங்கிவிட்டது. இன்றைக்கும் சில தெருக்களில் விடியற்காலையில் பாவு நீளும். அப்போது ஒரு சொட்டு விழட்டும், “பாவு! பாவு!” என்று யாராவது கத்துவார்கள். திருடன் என்று கத்தினால்கூட இவ்வளவு பேர் வரமாட்டார்கள். பால்காரர் கேனை வைத்துவிட்டு ஓடிவருவார், பல் தேய்க்கிறவர் நுரையோடு வருவார். ஒரு முறை கூரியர் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றான். கையெழுத்துப் போட வேண்டிய மாமா மறுமுனையில்.

மழைக்காலக் கலைஞருக்கு வேலை இல்லாவிட்டாலும் முகூர்த்தங்கள் உண்டு. மாமாவுக்குப் பெண் யார், மாப்பிள்ளை யார் என்பது பந்தியில் உட்காரும்போதுதான் தெரியும். மேடை ஏறி மொய்க் கவரை நீட்டுகிற கையோடு இன்னொரு கை பெண்ணின் முந்தானை நுனியைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்கும். புகைப்படக்காரர் “இங்க பாருங்க சார்” என்று எத்தனை முறை கத்தினாலும் எல்லா ஆல்பத்திலும் மாமா குனிந்தே இருக்கிறார். இறங்கும்போது தீர்ப்பு: “விசைத்தறி. பொண்ணு நல்ல பொண்ணு.”

பேச்சு நீண்டால் ராஜாஜி வராமல் முடியாது. “எங்க தாத்தா ராஜாஜிக்கு வேட்டி நெஞ்சவரு.” ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினவர், அதனால் ஊருக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தில் ராஜாஜிக்கு வேட்டி நெய்த தாத்தாக்களை எண்ணிப் பார்த்தால், அவர் நாளைக்கு நாலு வேட்டி மாற்றியிருக்க வேண்டும். அதிலும் அவர் உடுத்தியது கதர். தாத்தா நெய்தது பட்டு. இதை நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். அன்றைக்கு டீ வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, தறிமேல் இருந்து டிசைன் போடுகிற ஜக்கார்டுப் பெட்டியின் அட்டைதான். 1804-ல் பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் இந்தப் பெட்டியைச் செய்தபோது ஐப்பசி மாதத்தை நினைத்துப் பார்க்கவில்லை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், கொக்கி நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே கிடக்கும். அட்டை ஈரத்தில் உப்பி நெளிந்தால் ஓட்டை மயிரிழை நகரும், ஊசி திண்டாடும். அப்படித்தான் போன கார்த்திகையில் ஒரு முந்தானையில் வரிசையாக நின்ற அன்னங்களில் ஏழாவது அன்னத்துக்கு அலகு இல்லாமல் போனது. எட்டாவதற்கு அலகு இருந்தது, கழுத்து இல்லை. மாமா அதை முதலாளியிடம் “நவீன ஓவியம்” என்று சொல்லிப் பார்த்தார். செல்லவில்லை.

வழி கண்டுபிடித்தது அத்தை. அவர் தம்பிக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை. குஞ்சுகளுக்குச் சூடு காட்டத் தொங்கவிடுகிற பெரிய குண்டு பல்பு ஒன்றை வாங்கிவந்து, தகரக் குடையோடு அட்டைகளுக்கு மேலே மாட்டிவிட்டார். கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதால் அட்டைகள் குஞ்சுகளைப் போலச் சொகுசாக இருந்தன. கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கின மாதிரி ஒருநாள் குறிப்பேட்டோடு வந்தார்கள். பல்பையும் அட்டையையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அதில் ஒரு பெண், “மாமா, உங்க இன்ஸ்பிரேஷன் என்னங்க?” என்று கேட்டாள்.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. “இன்ஸ்பெக்‌ஷனா? போன மாசமே வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்களேம்மா.”

மார்கழி பாதியில் மலை துண்டை எடுத்தது. குழியின் அடியில் மண்ணைக் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். வெயில் ஓட்டுச் சந்து வழியாகப் பாவின்மேல் விழுந்தது. பொங்கலுக்கு முன் நாலு வேட்டி முடித்தாக வேண்டும் என்று மாமா காலை ஐந்துக்கே உட்கார்ந்துவிட்டார். தலையில் துண்டு இல்லை, முகத்தில் கலை இல்லை. நான் போய், “அந்த மல்கோவாக் கரை என்ன மாமா ஆச்சு?” என்றேன்.

“எந்தக் கரை?” என்றார் நாடாவை நிறுத்தாமல்.

அத்தை பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மழையில் ஊறிக் காய்ந்த தரையில் ராட்டையின் ஒரு கால் ஊன்றாமல் நின்றதாம், ஒரு மாதமாக ஆட்டமாம். அதன் அடியில் ஏதோ தாளை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. மடிப்பின் ஓரத்தில் பென்சில் கட்டங்களும், உருண்டையாக ஒரு கன்னமும் தெரிந்தன.

“இப்ப ஆடலை பாருங்க” என்றார் அத்தை, ராட்டையைச் சுற்றிக் காட்டி.