எலிக்குக் குணம், நமக்கு எப்போது?

கேள்வி: எதிர்ப்புசக்திப் புரதங்கள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் எலியின் மார்பகக் கட்டி கரைகிறதாமே! நமக்கு எப்போது?

பதில்: எலியாகப் பிறந்திருந்தால் 1998-லேயே கிடைத்திருக்கும்! அந்த ஆண்டு இன்டர்லூக்கின்-12, இன்டர்லூக்கின்-18 என்ற அந்தப் புரதங்கள் இரண்டையும் எலிகளில் ஜோடி சேர்த்தபோது, தனித்தனியாகச் செய்ததைவிட அதிகம் சாதித்தன. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்கள் முளைப்பதே தடைபட்டது. ஆனால் இதே ஜோடி, கட்டியே இல்லாத எலிகளையும் அழற்சியால் சாகடிக்கும் என்று 2000-ல் தெரிந்தது. ஒன்றோடு ஒன்று சேரும்போது பலன் மட்டுமா பெருகும், விஷமும்தான். 'அப்புறம் எலிச் சோதனை எதற்கு?' என்பீர்கள். நம்மை எச்சரிக்கத்தான்! 1995-ல் சிறுநீரகப் புற்றுநோயாளிகள் 17 பேருக்கு இன்டர்லூக்கின்-12 மட்டும் கொடுத்ததில் இருவர் இறந்தார்கள். நோயாளிகளிடம் நடந்த முந்தைய சோதனையில் முன்கூட்டியே போட்ட, அதே மருந்தின் ஒற்றை ஊசியை இதில் விட்டுவிட்டதுதான் வினை. அந்த ஊசி உடம்பைப் பழக்கியிருந்தது என்று பிறகு காட்டிக்கொடுத்தவையும் எலிகளே. பாவம், கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருக்கும்!